முதலில் இறங்குகிறவன்

தம்பி,

அன்றைக்கு எங்கள் வளவில் விமான நிலையத்துக்குப் போகிற வான் புறப்பட ஆயத்தமாக நின்றபோது, நீ முதல் ஆளாகப் பள்ளத்தில் இறங்காதே என்று நான் உனக்குச் சொல்லவில்லை. விடிந்ததிலிருந்து அந்த வசனம் வாய்க்குள் கிடந்தது. உன் பெட்டிக்குள் மிளகாய்த்தூளையும் பனங்கட்டியையும் வைக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். நீ தொலைபேசியில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாய். வானுக்கு முன்னால் தேங்காய் உடைத்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் வளவு நிறைய ஆட்கள். உன்னோடு மாலைதீவுக்குப் போகிற மேசன்மாரும் குழாய் வேலைக்காரரும் மட்டுமல்ல, அவர்களுடைய மனைவிமார், தாய்மார், இடுப்பில் இருந்த பிள்ளைகள். அத்தனை பேருக்கு நடுவில், என் பிள்ளை முதலில் இறங்க வேண்டாம் என்று நான் சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. உங்களில் ஒருத்தியின் பிள்ளை முதலில் இறங்கட்டும்.

மணியண்ணை தலைமை மேசன். எந்த நேரத்திலும் பகிடிதான் அவருக்கு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உப்பிடி நிக்காதையுங்கோ. உங்கடை மோன் உள்ளுக்கை இறங்கி நிண்டு தேத்தண்ணி குடிச்சு முடிச்சாப் பிறகுதான் நாங்கள் காலை வைப்பம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தி சிரிக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் இதே மாதிரி ஒரு தீவு வேலையில்தான் அவளுடைய புருஷன் யோகன் மண்ணுக்குள் போனவன். இப்போது அவளுடைய ஒரே சகோதரன் உன்னோடு வருகிறான். அவள் வந்து உன் கையைப் பிடித்தாள். "தம்பி, உங்களை நம்பித்தான் இவனை விடுறன். இஞ்சை ஒரு வேலை கிடந்தால் விட்டிருக்கமாட்டன்." நீ கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாய்: "பயப்பிடாதையுங்கோ அக்கா. நான் இறங்காத பள்ளத்திலை ஒருத்தரும் இறங்கமாட்டினம்." அந்த வார்த்தையோடு அங்கே நின்ற பெண்களின் முகங்கள் இளகியதை நான் பார்த்தேன். "போட்டு வா, மோனை. போனவுடனை ரெலிபோன் எடு" என்று மட்டும் சொன்னேன்.

நான் நாலு பேருக்கு முன்னால் கதைக்கிற ஆள் அல்ல என்பது உனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் கல்யாணம், அடுத்த வருடம் நீ. இன்றைக்கும் உன்னோடு நல்லூர்க் கோயிலுக்குப் போனால் செருப்பு வைக்கிற இடத்தில் "அக்காவோ?" என்று கேட்கிறார்கள். படிப்பு நின்றுபோனதால் வாசிக்கத் தொடங்கினேன், கையில் அகப்பட்டதையெல்லாம். கடைசியில் உன் தொழில்நுட்பக் கல்லூரிப் புத்தகங்களையும். நாவல்களில் கெட்டது நடக்குமுன் ஏதாவது ஓர் அடையாளம் வரும். நாய் ஊளையிடும், கண்ணாடி உடையும். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் வந்ததில்லை. கெட்ட செய்தி வந்த நாட்களில் எல்லாம் நான் மரக்கறி நறுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, அடையாளம் இல்லாத நாட்களுக்குத்தான் எனக்குப் பயம் அதிகம். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கிற இடத்தில் போடவா என்று உன்னிடம் கேட்டபோது, "பேரை மாத்திப் போடுங்கோ" என்றாய். மாற்றியிருக்கிறேன்.

முதலாளி முதலில் இறங்குகிற அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கும் பங்கிருப்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். சண்டை முடிந்து, தெல்லிப்பழைக்கு வடக்கே ஆமி பூட்டி வைத்திருந்த காணிகளைத் துண்டு துண்டாக விடத் தொடங்கிய காலம். உன் அப்பாவிடம் அப்போது இருந்தது ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசினும் வாடகைக்கு எடுத்த கலவை மெசினும்தான். திரும்பி வந்த குடும்பங்களுக்கு வீட்டுத்திட்டத்தில் சின்னச் சின்ன வீடுகள். கண்ணிவெடி எடுத்தாயிற்று என்று பலகை நட்டிருப்பார்கள். ஆனாலும் வேலைக்கு வந்தவர்கள் வேலியோரத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். ஒருவரும் முதல் வெட்டு வெட்டமாட்டார்கள். யாருக்குத்தான் மனம் வரும்? அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, தானே அலவாங்குக் கம்பி எடுத்து அத்திவாரத்தில் ஒரு நீளம் வெட்டினார். வெட்டின பள்ளத்தில் வெறுங்காலோடு இறங்கி நின்று தேத்தண்ணி கேட்டார். "வாங்கோடா, உள்ளுக்கை நல்ல குளிராக் கிடக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் ஆட்கள் இறங்கினார்கள். அத்திவாரத்துக்கு நாட்கல் வைப்பதற்கு முன் முதலாளி பள்ளத்தில் நிற்பது எங்கள் கொம்பனியின் வழக்கமாயிற்று. ஒருநாள் உன்னையும் தூக்கி உள்ளே இறக்கினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த சப்பாத்தோடு நீ நின்று சிரித்தாய். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் பெருமையும் இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது.

அந்த வழக்கம்தான் எங்களை வளர்த்தது. ஊர் முழுவதும் "அவர் தான் இறங்காமல் ஆளை இறக்கமாட்டார்" என்ற பேர். வீட்டுத்திட்டம் முடிந்து வீதிக்கரை வாய்க்கால் வேலைகள் வந்தன. பிறகு பள்ளிக்கூடக் கட்டிடம், கல்யாண மண்டபம். அதற்குப் பிறகு கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களின் வீடுகள். அந்த வீடுகளை நாங்கள் உள்ளூர் வேலை என்றுதான் சொல்லி வந்தோம். யோசித்துப் பார்த்தால் அவை முழுதும் வெளிநாட்டு வேலைகள். காசு அங்கிருந்து வந்தது, அலுமாரியின் நிறத்தை அங்கிருந்து கைத்தொலைபேசியில் பார்த்துச் சொன்னார்கள், புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்து பத்து நாள் நின்றுவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார்கள். குடியிருக்க ஆளில்லாத குளியலறைகளுக்கு அப்பா எவ்வளவு அழகாக மாபிள் பதித்தார்! பிறகு நாடு கவிழ்ந்தது. சீமெந்துப் பையின் விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அரசாங்க வேலைகள் அப்படியே நின்றன. வளவில் கலவை மெசினுக்குள் கோழி படுத்தது. எங்களிடம் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கடவுச்சீட்டு எடுக்கப் போனார்கள். அப்போதுதான் கொழும்பில் ஒரு தெரிந்தவர் மூலம் மாலைதீவு வேலை வந்தது. ஒரு தீவில் உல்லாச விடுதி கட்டுகிற பெரிய வெளிநாட்டுக் கொம்பனிக்குக் கீழே, கழிவுநீர்க் குழாய் பதிக்கிற துணை வேலை. "ஒரு தரம் செய்து பாப்பம். இஞ்சை நிலைமை சரிவந்தால் விட்டிடலாம்" என்றார் அப்பா. ஒரு தரம் இரண்டு தரமாயிற்று. முந்தி எங்கள் வீட்டுத் தொலைபேசியில் மணல், கல், மழை என்று கேட்கும். இப்போது விசா, விமானம், டொலர் என்றுதான் கேட்டது. இங்கே மிச்சமிருந்தது கோயில் மதிலும் ஓட்டைக் கூரையும்.

எங்களுடைய நிலத்தைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். வெட்டின பள்ளம் வெட்டினபடி நிற்கும். எங்கள் வலிகாமப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த மேசனுக்குப் பள்ளத்தின் பக்கம் இடிந்து விழும் என்ற நினைப்பே வராது. கல்லு எங்கே உடையும், எங்கே உடையாது என்பதுதான் அவனுடைய கவலை. தீவில் கல் இல்லை. பவளம் பொடிந்த மணல். தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டு வெட்டும்போது அது ஈரத்தில் சுவர் மாதிரி நிற்கும். வெயில் பட்டுக் காய்ந்தால் நிற்காது. இரண்டு பக்கமும் இரும்புத் தகடு இறக்கி முட்டுக் கொடுக்காமல் ஆளை இறக்கக்கூடாது. இது உன் புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களிலேயே இருக்கிறது. பருத்தித்துறைக்கு அப்பால் மணற்காட்டுப் பக்கம் கிணறு வெட்டினவர்களுக்கும் தெரிந்திருக்கும். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தகடு கேட்க வேண்டும் என்றே அப்பாவுக்குத் தோன்றவில்லை. அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்று தேத்தண்ணி குடித்தார். மேலே வந்து எனக்குத் தொலைபேசி எடுத்து, வேலை தொடங்கிவிட்டது என்றார். மத்தியானம் கழிந்து, அவர் நின்ற அதே இடத்தில் யோகன் குனிந்து குழாய்க்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கம் சரிந்தது. தோண்டி எடுக்கும்போது அவன் உயிரோடு இல்லை.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வசந்தி அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு அது லேசாக இருந்திருக்கும். அவள் வந்தவர்களுக்குச் சொன்னாள்: "முதலாளி இறங்கி நிண்டவராம். அதாலைதான் இவரும் இறங்கினவராம்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சமாதானம்கூட இருந்தது. முதலாளி தன் கடமையைச் செய்தார், விதி வேறு மாதிரி இருந்தது என்பதுபோல. அப்பா வீட்டுக்கு வந்து கை கழுவுகிற இடத்தில் நின்றபடி, "நான் நிண்ட இடத்திலைதான் அவன் நிண்டவன்" என்றார். அந்த வசனத்தைத் தவிர வேறு எதையும் அவர் அதைப் பற்றிச் சொன்னதில்லை. இரத்த அழுத்தம் அதற்குப் பிறகு வந்தது. விமானத்தில் ஏற வேண்டாம் என்று வைத்தியர் சொன்னபோது, அவர் முகத்தில் வந்த ஆறுதலை நீ கவனித்தாயோ தெரியாது. நான் கவனித்தேன்.

அந்த வழக்கம் பிழையாகிவிட்டது என்று அதோடு எல்லோரும் விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. அப்பா இறங்கியும் இப்படி ஆயிற்று, இறங்காத முதலாளிமாரிடம் போனால் என்ன ஆகும் என்று ஆட்கள் கதைத்தார்கள். வழக்கம் இன்னும் இறுகியது. அடுத்த தீவு வேலை வந்தபோது அப்பாவுக்குப் பதிலாக நீ போவதாகச் சொன்னாய். நீ படித்தவன். ஒப்பந்தத்தில் தகடு அவர்கள் தரவேண்டும் என்று எழுதுவித்தாய். அது எனக்கு ஆறுதலாக இருந்தது, வானுக்குப் பக்கத்தில் நின்று நீ வசந்திக்கு அந்த வாக்கைக் கொடுக்கும்வரை. உன் வாயிலிருந்து வந்தது புத்தகத்தில் இருந்ததல்ல; சப்பாத்தோடு பள்ளத்தில் நின்று நீ பழகியது.

நீ போன பிறகு எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? மண்ணைப் பார்க்கவே முடியவில்லை. முற்றத்தில் பூமரத்துக்கு யாரோ குழி வெட்டினால் உள்ளே போய்விடுவேன். உன் அப்பாவோடு கதைக்கவும் முடியாது. அவரும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார், இருவரும் மழையைப் பற்றிக் கதைத்தோம். மண் உன்னை மூடுமோ என்பது ஒரு பயம். அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. நீ இறங்கி, ஒன்றும் நடக்காமல் ஏறி, "சரி, இறங்குங்கோ" என்று சொல்லுவாய். வசந்தியின் சகோதரன் இறங்குவான். மிச்சக் காலம் முழுவதும் நீயும் கை கழுவுகிற இடத்தில் நின்று அதே ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாய். இரண்டில் எதற்கு அதிகம் பயந்தேன் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நீ தீவிலிருந்து அழைப்பு எடுத்தபோது நானும் அப்பாவும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிளினிக் வரிசையில் இருந்தோம். முகம் தெரிகிற வீடியோ அழைப்பு. பின்னால் வெள்ளையாகப் பள்ளம் தெரிந்தது, கயிறு பிடித்தமாதிரி நேராக. நீ அதைக் காட்டியபோது உன் குரலில் ஒரு சந்தோஷம்.

"அம்மா, தகடு கொண்டு வாற கப்பல் இன்னும் வரேல்லை. இந்தக் கொம்பனிக்காரங்கள் வேலையை நிப்பாட்ட விடுறாங்கள் இல்லை. நான் நாளைக்குக் காலமை இறங்கி நிண்டு பாக்கிறன். சரியெண்டால் ஆக்களை இறக்குவன்."

"இறங்காதை" என்றேன்.

"என்னம்மா, கேக்கேல்லை?"

"இறங்காதை எண்டு சொல்லுறன்!" அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். வரிசை முழுவதும் திரும்பியது. பக்கத்தில் இருந்த வயதான மனுஷி அப்பாவிடம், "பொடியன் என்ன, கிணத்துக்கை குதிக்கப் போறானாமோ?" என்று கேட்டார்.

"அம்மா, நான் இறங்காமல் அவையை எப்பிடி இறக்கிறது? வசந்தியக்காவுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்."

"அவையையும் இறக்காதை. ஒருத்தரும் இறங்க வேண்டாம். அப்பா இஞ்சை நிண்டது வெடிக்குப் பயந்த ஆக்களுக்காக. வெடி இருந்தால் முதல் கால் வைக்கிறவனுக்குத்தான் வெடிக்கும். அவன் நிண்டு காட்டினால் அதிலை ஒரு அர்த்தம் கிடக்கு. மணல் அப்பிடியோ? முதல் ஆளுக்கு நிக்கும், ரண்டாம் ஆளுக்கு விழும். நீ ஆரெண்டு மணலுக்குத் தெரியுமோ?"

பம்பு இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. "வேலை போயிடும் அம்மா" என்றாய் கடைசியில். அப்போது அப்பா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். "போகட்டும்" என்றார். ஒரு சொல்தான். பிறகு தாதி அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டாள், நாங்கள் எழும்பிப் போனோம். அன்றைக்கு அவருடைய அழுத்தம் வழமையைவிடக் கூடவாக இருந்தது.

நீ இறங்கவில்லை. ஆட்களையும் இறக்கவில்லை. தகடு வரும்வரை வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்தாய். பெரிய கொம்பனி அந்தக் கிழமையே எங்கள் ஒப்பந்தத்தை நிறுத்தியது. நீங்கள் எல்லோரும் திரும்பி வந்தபோது வளவில் தேங்காய் உடைக்க ஆளில்லை. வசந்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் நான் எதிர்பார்த்திருந்தேன். அவள் வாசல் படலையடியில் நின்று, "அங்கை நிண்டிருந்தால் இவன் வீட்டுக்குக் கூரை போட்டிருப்பான் அக்கா" என்றாள். அவள் சொன்னது சரிதான். எங்களுக்கு வெளிநாட்டு வேலை அதோடு முடிந்தது. உள்ளூரில் இரண்டு மதில், ஒரு குளியலறை. மணியண்ணைகூட இப்போது பகிடி விடுவது குறைவு. வேறு ஒரு முகவர் மூலம் போக அலுவல் பார்க்கிறார்.

நீயும் போகிறாய். அடுத்த கிழமை கத்தார், வேறொருவருடைய கொம்பனி, மேற்பார்வையாளர் வேலை. அங்கே உனக்கு முன்னால் இறங்கி நிற்க முதலாளி இல்லை. நீ யாருக்கும் முன்னால் இறங்கி நிற்கவும் தேவையில்லை. அவர்கள் உன் கையில் ஒரு தொப்பியையும் சட்டங்கள் அச்சடித்த தாளையும் தருவார்கள். நீ மேலே நிற்பாய். கீழே நிற்பவர்கள் எங்களுடைய பாஷை தெரியாதவர்களாக இருக்கலாம். அவர்கள் உன் முகத்தைப் பார்த்துத்தான் இறங்குவார்கள், எங்கள் ஆட்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்ததுபோல. உன் முகத்தில் தைரியத்தைக் காட்டி அவர்களை இறக்காதே. பயமாக இருந்தால் பயம் தெரியட்டும். "எனக்கு இந்தப் பள்ளத்தைப் பிடிக்கேல்லை" என்று சொல்ல உனக்கு வெட்கம் வரக்கூடாது. உன் அப்பாவின் தைரியத்தில் பிழை இல்லை. அது இந்த மண்ணுக்கு, அந்தக் காலத்துக்கு. அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகாதே. எனக்குப் புத்திமதி சொல்லத் தெரியாது, நீ போகிற இடத்தின் மண்ணும் எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்த முறை வான் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நீ திரும்பி வந்த பிறகு இன்றுவரை, அன்றைக்கு இறங்காமல் விட்டது சரிதானா என்று என்னிடம் கேட்டதில்லை. கேட்க மாட்டாய் என்றும் தெரியும். அந்தத் தீவில் சமையல் செய்கிற எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் மணியண்ணைக்குச் சொன்னான், மணியண்ணை எனக்குச் சொன்னார், நீயும் எப்படியோ கேள்விப்பட்டிருப்பாய். நீங்கள் வந்த பிறகும் தகட்டுக் கப்பல் வரவில்லை. பெரிய கொம்பனி வேறொரு நாட்டு ஆட்களைக் கொண்டுவந்து, முட்டுக் கொடுக்காமலே இறக்கியது. அவர்கள் குழாயைப் பதித்து, பள்ளத்தை மூடிவிட்டு, அடுத்த தீவுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பள்ளம் இடியவில்லை.